புதிய டேப்லெட் வாங்கத்தான் வேண்டுமா? ஒரு மெய்ப்புத் திருத்துநரின் கணக்கு

புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் தொழில். பக்க வடிவமைப்பு முடிந்ததும் பதிப்பகத்தார் அனுப்பும் பி.டி.எஃப். கோப்பை டேப்லெட்டில் திறந்து, எழுதுகோலால் அதன் மேலேயே திருத்தக் குறிகளை இட்டு, மறுபடி அனுப்பிவைப்பேன். அச்சிட்ட தாளில் சிவப்பு மையால் திருத்திய காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டதால், மேசை விளக்குக்கு அடுத்தபடியாக நான் அதிகம் நம்பியிருக்கும் பொருள் இந்த டேப்லெட்தான். அது 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஒன்பதாம் தலைமுறை ஐபேட், 10.2 அங்குலத் திரையும், ஏ13 சில்லும், 64 ஜி.பி. சேமிப்பும் கொண்டது. அதற்குப் பின் அதே வரிசையில் 2022 அக்டோபரில் பத்தாம் தலைமுறையும், 2025 மார்ச்சில் ஏ16 சில்லுடன் பதினோராம் தலைமுறையும் வந்துவிட்டன. ஏ16 ஐபேட் இந்தியாவில் ரூ.34,900 என்ற விலையில் தொடங்கியது. இதை வாங்கலாமா, அல்லது இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஐபேட் ஏர் வாங்கலாமா, அல்லது இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா என்று என்னைப்போலவே பலரும் யோசிப்பதால், என் தொழிலின் தேவைகளை முன்வைத்து நான் போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன்.

விளம்பரங்களும் ஒப்பீட்டுக் காணொளிகளும் முதலில் பேசுவது சில்லின் வேகத்தைத்தான். படமாக இல்லாமல் எழுத்தாகவே இருக்கும் ஒரு மின்னூலைப் படிக்க எந்தச் சில்லும் போதும். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் உள்ள நூல்களை பத்தாண்டுப் பழைய கருவியிலும் தடையில்லாமல் படிக்கலாம். ஒளிப்படமாக எடுக்கப்பட்ட பழைய நூல்களில்தான் வேறுபாடு தெரியும். மேற்கோள் சரிபார்ப்பதற்காகத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தும், ஈழத்து நூல்களுக்காக நூலகம் தளத்திலிருந்தும், இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்தும் நான் இறக்கிக்கொள்ளும் கோப்புகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வருடினால் (ஸ்கேன் செய்தால்) 2,480-க்கு 3,508, அதாவது ஏறத்தாழ 87 லட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும். கோப்பில் அது சுருக்கப்பட்டுச் சில நூறு கிலோபைட்டாக இருந்தாலும், திரையில் காட்டுவதற்காக விரிக்கும்போது புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 35 மெகாபைட் நினைவகத்தை (ரேம்) பிடித்துக்கொள்ளும். படிக்கும் செயலிகள் முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் முன்கூட்டியே விரித்து வைத்திருப்பதால், நாம் ஒரு பக்கம் படிக்க மூன்று பக்கத்தின் சுமை ஏறுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவின் கோப்புகள் பல ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட்டவை. கோப்பின் அளவைக் குறைப்பதில் அது கெட்டி. விரிக்கும்போது சில்லை நன்றாக வேலை வாங்கும். பக்கத்தைத் தள்ளியதும் முதலில் மங்கலாகத் தெரிந்து ஒரு கணம் கழித்துத் தெளிவாவது இதனால்தான். ஏ16-இல் இந்தக் காத்திருப்பு குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிவரியாகப் படித்து ஒரு பக்கத்துக்குப் பல நிமிடங்கள் செலவிடும் எனக்கு, பக்கம் திரும்பும்போது மிச்சமாகும் அரை நொடியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நூறு பக்கங்களைப் புரட்டி ஒரே ஒரு சொல்லைத் தேடுகிற ஆய்வாளருக்கு அதே அரை நொடி பெரிய விஷயமாக இருக்கலாம்.

வேகத்தைவிட நினைவகம் எனக்கு முக்கியம். ஒன்பதாம் தலைமுறையில் இருப்பது 3 ஜி.பி.; ஏ16-இல் 6 ஜி.பி.; எம்2, எம்3 சில்லுள்ள ஏரில் 8 ஜி.பி. சாதாரண ஐபேடுகளுக்கு ஆப்பிள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. மெய்ப்பில் ஓர் ஐயம் எழுந்து, உலாவியில் அகராதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சில வேளைகளில் பெரிய கோப்பு மறுபடி முதலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும். 3 ஜி.பி. நினைவகம் போதாமல், பின்னணியில் இருக்கும் செயலியை இயங்குதளம் மூடிவிடுவதுதான் காரணம். புதிய கருவியை நான் ஆசையோடு பார்த்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அடுத்தது திரை. இங்கே விற்பனைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அங்குலக் கணக்கை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். அது மூலைக்கு மூலை எடுத்த அளவு. பக்கம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அது சொல்லாது. படப்புள்ளி எண்ணிக்கையையும் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதையும் கொண்டு நாமே அகலத்தையும் உயரத்தையும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் 2,160-க்கு 1,620. ஏ16 ஐபேடில் 2,360-க்கு 1,640. இரண்டிலும் அங்குலத்துக்கு 264 புள்ளிகள். நிமிர்த்திப் பிடித்தால் பழையதன் அகலம் 15.6 செ.மீ., உயரம் 20.8 செ.மீ.; புதியதன் அகலம் 15.8 செ.மீ., உயரம் 22.7 செ.மீ. உயரத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே.

இதை நூலின் அளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்களில் மிகுதியாகப் புழங்கும் டெமி 1/8 அளவு ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. அந்தப் பக்கம் என் பழைய ஐபேடில், செயலியின் பட்டைகளை மறைத்துவிட்டால், 97 விழுக்காட்டு அளவில் தெரிகிறது. அதாவது அச்சில் வரப்போகும் அளவுக்கும் இதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஏ16-இல் அது 106 விழுக்காடாகும். இருந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இல்லாவிட்டாலும் குறையில்லை. ஏ4 அளவில் வரும் ஆய்வேடுகளும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் வேறு கதை. பழையதில் அவை 70 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடுகின்றன. 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அமைந்த எழுத்து 7.7 புள்ளியாகத் தெரியும். ஏ16-இல் 75 விழுக்காடு, எழுத்து 8.25 புள்ளி. தமிழில் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு இந்த அளவு அற்பமான செய்தி அல்ல. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா, வரி முடிவில் வல்லினம் மிகுந்திருக்கிறதா, துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதுதான் வேலை. இருந்தாலும் 7.7 புள்ளியிலிருந்து 8.25 புள்ளிக்கு நகர்வதற்காக ரூ.34,900 செலவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்வதற்குச் செலவே இல்லை.

ஏர் வரிசையில் 2024 மே மாதம் எம்2 சில்லுடன் வந்த 13 அங்குலக் கருவிதான் இந்தக் கணக்கை உண்மையில் மாற்றுகிறது. 2,732-க்கு 2,048 புள்ளிகள் கொண்ட அதன் திரை 19.7 செ.மீ. அகலமும் 26.3 செ.மீ. உயரமும் உடையது; ஏ4 பக்கம் அதில் 88 விழுக்காட்டு அளவில் விரியும். அதைவிட எனக்குப் பெரிய பயன், திரையைப் படுக்கைவாட்டில் இரண்டாகப் பிரித்து மூலப்படியையும் மெய்ப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது. டெமி பக்கங்கள் இரண்டும் அதில் ஏறத்தாழ 92 விழுக்காட்டு அளவில் தெரியும். என் பழைய கருவியில் அப்படிப் பிரித்தால் 73 விழுக்காட்டைக்கூட எட்டாது. ஏ16-இலோ, படுக்கைவாட்டில் உயரம் 15.8 செ.மீ. மட்டுமே என்பதால், அதே 73-ஐத் தாண்டாது. ஒப்பிட்டுப் படிக்கும் வேலைக்கு மூன்றரை ஆண்டு இடைவெளியில் வந்த புதிய கருவி கிட்டத்தட்ட எதையுமே கூட்டித் தரவில்லை என்பதை எண்களில் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

ஆண்ட்ராய்டு பக்கம் போகலாமே என்பவர்களும் இதே முறையில் அளந்து பார்ப்பது நல்லது. சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9-இன் திரை 11 அங்குலம் என்பதால் என்னுடையதைவிடப் பெரியது என்றே தோன்றும். ஆனால் அது நீண்டு ஒடுங்கிய வடிவம்; 2,560-க்கு 1,600 புள்ளிகள், அங்குலத்துக்கு 274. நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 14.8 செ.மீ.தான் வரும், என் 10.2 அங்குல ஐபேடைவிட எட்டு மில்லிமீட்டர் குறுகல். டெமி நூல் அதில் மிக அழகாகப் பொருந்தும். ஏ4 பக்கமோ ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் தெரியும் அளவில்தான் தெரியும். திரைப்படம் பார்ப்பதற்கு அந்த வடிவம் ஏற்றது. எழுதுகோலைப் பெட்டியிலேயே சேர்த்துத் தருவதும், தண்ணீர் பட்டாலும் தாங்குவதும் சாம்சங்கின் தாராளம். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

எழுதுகோல் விஷயத்தில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் ஐபேடில் மேல்கண்ணாடிக்கும் அடியிலுள்ள படத்தகட்டுக்கும் இடையே சிறிய காற்று இடைவெளி உண்டு. எழுதுகோலின் முனை கண்ணாடியில் படும் இடமும், கோடு தோன்றும் இடமும் சற்றே விலகித் தெரியும். அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த படத்தின் மேல் எழுதுவதைப் போன்றது அது. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒற்று நுழைக்க வேண்டிய குறியை இடும்போது இந்த விலகல் உறுத்தும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் எதிரொளிப்பும் சேர்ந்துகொள்ளும். ஏ16 ஐபேடிலும் இதே காற்று இடைவெளி இருக்கிறது, எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் இல்லை. இரண்டும் சரிசெய்யப்பட்டிருப்பது ஏரில்தான். எம்3 சில்லுள்ள 11 அங்குல ஏர் ரூ.59,900-க்கு வந்தது, ஏ16-ஐவிட ரூ.25,000 கூடுதல். அந்தத் தொகைக்கு இடைவெளியின்றி ஒட்டிய திரையும், பூச்சும், 8 ஜி.பி. நினைவகமும், வேகமாகக் கோப்பு மாற்றும் துளையும் கிடைக்கின்றன. திரையின் அளவு மட்டும் ஏ16-இல் உள்ள அதே 2,360-க்கு 1,640-தான். ஓவியர்களுக்கு இது தகும். எழுத்தை மட்டுமே பார்க்கும் எனக்கு, பழகிப்போன ஒரு விலகலைப் போக்குவதற்கு இவ்வளவு விலையா என்று தோன்றுகிறது.

விலைப்பட்டியலில் வராத செலவுகள் வேறு இருக்கின்றன. என்னிடம் உள்ள முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில் ஏ16 ஐபேடில் வேலை செய்யும், ஆனால் அதை இணைக்கத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். ஏரில் அது வேலையே செய்யாது. 2025-இல் யு.எஸ்.பி.-சி பென்சில் ரூ.7,900, பென்சில் புரோ ரூ.11,900. முதலாவதில் எழுத்தின் அழுத்தத்தை உணரும் வசதி இல்லை என்பதைக் கடைக்காரர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். மெய்ப்புக் குறிகளுக்கு அழுத்தம் தேவையில்லை, படம் வரைகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் தலைமுறையிலிருந்து கம்பி ஹெட்போன் செருகும் துளையும் எடுக்கப்பட்டுவிட்டது. உறையும் விசைப்பலகையும் புதிய அளவுக்கு வேறாக வேண்டும். எம்3 சில்லுள்ள 13 அங்குல ஏர் 2025-இல் வந்தபோதிருந்த ரூ.79,900-உடன் பென்சில் புரோவைச் சேர்த்தால் ரூ.91,800 ஆனது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலில் இந்தத் தொகையை எத்தனை ஆயிரம் பக்கங்களில் மீட்க முடியும் என்று கணக்கிட்டால் தலை சுற்றும். எடையையும் சொல்ல வேண்டும்: என் ஐபேட் 487 கிராம், 13 அங்குல ஏர் 616 கிராம். நாற்காலியில் சாய்ந்து கையில் பிடித்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கடையில் பத்து நிமிடமாவது கையில் ஏந்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இவ்வளவு குறைகளுக்கு நடுவே பழையதை எத்தனை நாள் ஓட்டலாம்? பேட்டரியும் இயங்குதளமும்தான் இதற்கு விடை சொல்லும். ஐபேடின் பேட்டரி 1,000 முழுச் சுழற்சிகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்குமாறு வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. முழுச் சுழற்சி என்றால் மொத்தமாக நூறு விழுக்காடு செலவாவது; இன்று ஐம்பதும் நாளை ஐம்பதும் செலவழித்தால் ஒரு சுழற்சி. நாளுக்குப் பாதி செலவழிப்பவருக்கு ஆயிரம் சுழற்சி என்பது ஐந்து ஆண்டைத் தாண்டிவிடும். இடையில் அதைக் கெடுப்பவை இரண்டு: வெப்பமும், எப்போதும் மின்னிணைப்பிலேயே போட்டு நூறு விழுக்காட்டில் வைத்திருப்பதும். நம் ஊர்க் கோடையில், பூட்டிய காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் எந்தப் புதிய மாதிரியை வாங்கினாலும் விரைவில் இதே கேள்விக்குத் திரும்பிவிடுவார்கள். என்னுடையது காலையில் ஏற்றினால் ஒரு வேலைநாளைத் தாங்குகிறது. திரை ஓரத்தில் மேலெழும்பி, பேட்டரி வீங்கியிருப்பதாகத் தெரிந்தால் மட்டும் யோசனைக்கே இடமில்லை. அன்றே நிறுத்திவிட வேண்டும்.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26 எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்கும் கருவிகளில் இயங்குகிறது. 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை அதில் கழற்றிவிடப்பட்டது. அந்த வரிசையில் பார்த்தால் என் கருவிக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. புதுப்பிப்பு நின்ற மறுநாளே கருவி செத்துவிடுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்து, பிறகு வங்கிச் செயலிகள் போன்றவை ஒவ்வொன்றாக விலகும். பி.டி.எஃப். செயலிதான் கடைசியில் போகும். ஆண்ட்ராய்டில் பழைய மாதிரிகளின் ஆயுள் இதைவிடக் குறைவாக இருந்தது: 2020-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த டேப் எஸ்6 லைட், ஆண்ட்ராய்டு 13-உடன் நின்றுவிட்டது. 2024-இல் வந்த டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு என்று சாம்சங் உறுதி கொடுத்திருப்பதால் இனி இந்த வேறுபாடு குறையும்.

செயற்கை நுண்ணறிவு என்ற சொல் இப்போது எல்லாப் பெட்டிகளிலும் ஒட்டப்படுகிறது. ஆப்பிளின் நுண்ணறிவு வசதிகள் ஏ16 ஐபேடில் வரவே வராது. அவற்றுக்கு எம்1 அல்லது ஏ17 புரோ சில்லாவது வேண்டும். அப்படியே வாங்கினாலும், இதை எழுதும் வரை அவை ஆதரிக்கும் மொழிகளில் தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்ற நான் பயன்படுத்துவது கூகுள் டிரைவின் எழுத்துணரி. அது கூகுளின் கணினிகளில் நடக்கும் வேலை. என் ஐபேடிலிருந்து அனுப்பினாலும் புத்தம்புதிய ஐபேட் புரோவிலிருந்து அனுப்பினாலும் ஒரே விடைதான், ஒரே பிழைகள்தான். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அமைந்த பி.டி.எஃப். கோப்பில் ஒரு வரியை நகலெடுத்தால் குப்பையாக வருவதையும் எந்தச் சில்லும் தீர்த்துவைக்காது.

ஆக, என் உண்மையான இடர்ப்பாடு ஒன்றுதான்: மூலப்படியையும் மெய்ப்பையும் ஒரே நேரத்தில் பெரிதாகப் பார்க்க முடியாதது. அதற்கு டேப்லெட்டையே மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டுப் பார்த்தபோது விடை மலிவாகக் கிடைத்தது. மேசையில் ஏற்கெனவே இருந்த மடிக்கணினியோடு 24 அங்குலத் திரை ஒன்றை இணைத்துவிட்டேன். ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணத் திரை அது, 53 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையது. மூலப்படி அதில் நிற்கிறது. மெய்ப்பு பழைய ஐபேடில் முழுத்திரையில் நிற்கிறது. இரண்டையும் பெரிய திரையிலேயே வைக்கலாமே என்று கேட்கலாம். அந்தத் திரையில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் மட்டுமே இருப்பதால், அச்சு அளவில் வைத்துப் பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளி மசங்கித் தெரியும். பிழை தேடும் கண்ணுக்கு 264 புள்ளிகள் உள்ள திரை வேண்டும். ஒப்பிடுவதற்கான மூலப்படிக்குப் பெரிய திரை போதும்.

வெளியூர்ப் பயணத்திலும் ஏ4 பக்கங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உதவாது. ஆய்வு மாணவர்கள், வழக்கறிஞர்கள், கச்சேரிக்கு இசைக்குறிப்பைத் திரையில் வைத்து வாசிக்கிறவர்கள் ஆகியோருக்கு 13 அங்குல ஏரையே சொல்வேன். அதிலும் எம்3-ஐத் தேட வேண்டாம்; எம்2-க்கும் அதற்கும் திரை, எடை, எழுதுகோல் எதிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை, சில்லு மட்டுமே வேறு. கடைகளில் இருப்பைத் தள்ளிவிடும் காலத்தில் எம்2 கிடைத்தால் அதுவே நல்ல கொள்முதல். பத்தாம் தலைமுறையிலிருந்து ஏ16-க்கு மாறுவது பற்றிக் கேட்பவர்களிடம், திரை ஒன்றேதான், சில்லும் நினைவகமும் தொடக்கச் சேமிப்பும்தான் கூடியிருக்கின்றன என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன். நானும் ஒருநாள் மாற்றத்தான் போகிறேன். பேட்டரி ஒரு வேலைநாளைத் தாங்காமல் போகும்போதோ, நான் பயன்படுத்தும் குறிப்புச் செயலி இந்த இயங்குதளத்தைக் கைவிடும்போதோ, அன்றைக்கு ஓராண்டுப் பழையதாகிவிட்ட 13 அங்குல ஏர் எதுவோ அதை வாங்குவேன்.